கையால எறியாதடா தம்பி!

"என்னண்ணே, 90 மீட்டர் போட்டும் ரெண்டாவதுதானா?"

2025 மே 16 ராத்திரி. தோஹாவில் நீரஜ் சோப்ரா முதல் முறையா 90 மீட்டரைத் தாண்டி 90.23 எறிந்ததை என் செல்போனில் பார்த்துட்டு, சித்தப்பா மகன் கேட்ட கேள்வி இது. ஜெர்மனிக்காரர் ஜூலியன் வெபர் கடைசி ரவுண்டில் 91.06 எறிந்து முதல் இடத்தைத் தட்டிக்கிட்டுப் போயிட்டார். "விடுடா, அடுத்த தடவை பாத்துக்கலாம்"னு, என்னமோ நானே எறிஞ்ச மாதிரி ஆறுதல் சொன்னேன். அடுத்த செகண்டே ஒரு குண்டு போட்டான்.

"எனக்கு ஈட்டி எறியக் கத்துக் குடுண்ணே. ஆகஸ்ட்ல ஜோனல் மீட் வருது."

எனக்கு வலது முழங்கையின் உள்பக்கம் சுருக்குன்னுச்சு. நிஜமாவே வலிச்சுதா, இல்லை ஞாபகம் வலிச்சுதான்னு தெரியலை.

ஃப்ளாஷ்பேக் ஒண்ணு இருக்கு பிரெண்ட்ஸ். ப்ளஸ் டூ படிக்கும்போது நானும் ஒரு ஈட்டி வீரன்தான். மாவட்டப் போட்டிக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது எனக்கு வெறி பிடிச்சுடுச்சு. ஒரு நாளைக்கு அறுபது, எழுபது எறி. யாரும் அப்படி எறியச் சொல்லலை, சுத்தமா என் பேராசை. அதுவும் முழுக்க முழுக்கக் கை பலத்தில்! ஒரு சாயங்காலம் முழங்கைக்கு உள்ளே 'டப்'னு ஒரு சத்தம். தசைநார் கிழிஞ்சிருக்குன்னாங்க. ஆறு மாசம் தண்ணிக் குடத்தைக்கூட அந்தக் கையில் தூக்க முடியலை. போட்டி அன்னிக்கு நான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காக்காய்க்குச் சோறு வெச்சுக்கிட்டு இருந்தேன், இடது கையால.

அதுக்கப்புறம் நான் ஈட்டியைத் தொடலை. இப்போ கும்பகோணத்தில் பி.காம் மூணாம் வருஷம். சித்தப்பா விஷயம் கேள்விப்பட்டதும் ஒரே போடாப் போட்டார்.

"நீ கைய ஒடிச்சுக்கிட்டது பத்தாதா? இவனுக்கும் வேணுமா?"

பதில் சொல்ல முடியாத கேள்வி. பதினாறு வயசுப் பையன். காலையில் பால் கறந்து சொசைட்டியில் ஊத்துறவன் அவன்தான். அவன் கை போனா ஒரு மெடல் மட்டும் போகாது, வீட்டு வேலையே நின்னுடும். ஆனா அவனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு நல்ல காலேஜ் சீட்டு கிடைச்சா, அதை விட்டா இந்த வீட்டுக்கு வேற வழியும் தெரியலை. "கை போகாம நான் பாத்துக்கறேன் சித்தப்பா"ன்னு சொல்லிட்டேன். சொல்றது ஈஸி!

நாப்பதே நிமிஷம்

எங்க ஊர் அய்யம்பேட்டைக்கும் பாபநாசத்துக்கும் நடுவுல இருக்கு. காலையில் ஆறு மணிக்கு மாடு கறந்து முடிப்பான். ஆறே முக்காலுக்குள்ள சொசைட்டிக்குப் போகணும். எனக்கு ஏழு இருபதுக்கு பஸ். சாயங்காலம் அவனுக்கு டியூஷன். ஆக, ஒரு நாளைக்கு எங்களுக்குக் கிடைச்சது ஆறிலிருந்து ஆறு நாப்பது வரைக்கும். ஞாயித்துக்கிழமை மட்டும் ரெண்டு மணி நேரம்.

மே மாசத்தில் கிரவுண்டு பிரச்னையே இல்லை. குடமுருட்டி ஆறு காஞ்சு கிடந்துச்சு. நீளமான மணல், ஆள் நடமாட்டம் இல்லை, ஈட்டி குத்தினாலும் யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. ஆனா ஜூன் 12-ம் தேதி மேட்டூரைத் திறந்தாங்க. அடுத்து கல்லணை. அப்புறம் எங்க ஆத்துலயும் தண்ணி வந்துடுச்சு. முதல் நாள் இதே தேதியில் திறக்கறாங்கன்னு ஊரே சந்தோஷப்பட்டுச்சு. 2024-ல் ஜூலை 28 வரைக்கும் காத்துக் கிடந்தவங்க இல்லையா! பெரியவங்க தண்ணியில் பூ விட்டாங்க. நாங்க ரெண்டு பேர் மட்டும் கரையில் நின்னு மூஞ்சியைத் தொங்கப்போட்டோம்.

"நம்ம கிரவுண்டு முழுகிப்போச்சுண்ணே!"

வயல் முழுக்க குறுவைச் சேடை. மிச்சம் இருந்தது களத்துமேடும் ஒரு செவுரும்தான். சிமென்ட் களத்தில் ஈட்டி எறிஞ்சா முனை உடையும். அதனால ஒரு மூங்கில் கழியைச் சீவி, முனைக்குத் துணி சுத்தி, பலசரக்குக் கடைத் தராசில் எடை போட்டோம். 710 கிராம். பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள பசங்க எறியற ஈட்டி 700 கிராம். பெரியவங்க எறியறது 800. "பத்து கிராம் போனஸ் தம்பி"ன்னு கடைக்காரர் சிரிச்சார்.

ஒன்பது அட்வைஸ், ஜீரோ ரிசல்ட்

முதல் வாரம் நான் செஞ்ச தப்பைச் சொல்லணும். எனக்குத் தெரிஞ்சதை எல்லாம் ஒரே நாளில் அவன் தலையில் கொட்டினேன். முழங்கையைத் தூக்கு, இடது காலை ஊனு, இடுப்பைத் திருப்பு, நெஞ்சை நிமித்து, மணிக்கட்டை மடக்காதே, கண்ணு மேல... மொத்தம் ஒன்பது. அவன் ஓடி வந்து எறியறதைப் பாத்தா, பரதநாட்டியமும் சிலம்பமும் கலந்து ஆடற மாதிரி இருந்துச்சு. செல்போனில் ஸ்லோமோஷன் எடுத்துப் பாத்தோம். பழைய எறியே பரவாயில்லை!

அப்போதான் மண்டையில் ஒரு விஷயம் உறைச்சுது. நேரம் நிறைய இருக்கறவன் ஒன்பதைச் சொல்லித் தரலாம். நாப்பது நிமிஷக்காரன் ஒரு நாளைக்கு ஒண்ணுதான் சொல்லணும். அதுவும் எதை முதல்ல சொல்றதுங்கறதுல இருக்கு சூட்சுமம்.

எது முதல்ல? எறியறதுன்னா எல்லாருக்கும் கைதான் ஞாபகத்துக்கு வரும். நிஜத்தில் கை கடைசி. ஓடி வர்ற வேகத்தை இடது கால் தரையில் ஊனித் தடுக்கணும். டவுன் பஸ்ல படியில தொங்கறோமே, டிரைவர் சடன் பிரேக் போட்டா பஸ் நிக்கும், நாம முன்னாடி பாய்வோமே, அதே கதைதான். கால் நிக்கும், வேகம் இடுப்புக்கு ஏறும். இடுப்பு திரும்பும், நெஞ்சு இழுபடும், அப்புறம் தோள், முழங்கை, கடைசியா மணிக்கட்டு. சாட்டையைச் சொடுக்கற மாதிரி. நீரஜ் எறிஞ்சு முடிச்சதும் அப்படியே முன்னாடி விழுந்து ரெண்டு கையையும் தரையில் ஊனுவாரே, அது ஸ்டைல் இல்லை பிரெண்ட்ஸ். அத்தனை வேகத்தை அந்த ஒத்தைக் கால் தடுத்ததோட மிச்சம்.

முன்கால் மடங்கிட்டா என்ன ஆகும்? வேகம் எல்லாம் மண்ணுக்குள்ள போயிடும். மிச்சத்தைக் கைதான் இழுத்துப் பிடிக்கணும். முழங்கை தோளுக்குக் கீழே இறங்கும், அதன் உள்பக்க நார் மொத்தப் பாரத்தையும் வாங்கும். என் 'டப்' கதை அதுதான். அமெரிக்காவில் பேஸ்பால் எறியறவங்களுக்கு இந்த நார் கிழியறது சகஜம். 1974-ல் டாமி ஜான் என்ற வீரருக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதல் முறையா உடம்பில் வேற இடத்து நாரை எடுத்து முழங்கையில் வெச்சுக் கட்டினார். அந்த ஆபரேஷனுக்கே இன்னிக்கு அந்த வீரர் பேருதான்! நீரஜுக்கும் 2019-ல் முழங்கையில் ஆபரேஷன் நடந்தது. அந்த சீசனே போச்சு. 2020 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் 87.86 எறிந்துதான் ஒலிம்பிக் டிக்கெட் வாங்கினார். அந்த ஒலிம்பிக்கில் நடந்தது உங்களுக்கே தெரியும், 87.58 மீட்டர், தங்கம்.

அமெரிக்கன் ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக்னு ஒருத்தர் இருப்பார். முட்டைப் பந்தை எடுத்துத் தூரமா நிக்கற ஆளுக்கு எறியறது அவர் வேலை. எருமை மாதிரி நாலு பேர் இடிக்க வர, மூணு செகண்டுக்குள்ள எறியணும். டாம் பிராடி, ட்ரூ ப்ரீஸ்னு அந்த ஆட்டத்தின் சூப்பர் ஸ்டார்களுக்கு எறியற முறையைச் சரிசெஞ்சவர்களில் ஒருத்தர் டாம் ஹவுஸ். அவரே பழைய பேஸ்பால் வீரர்தான். பந்து மாறலாம், ஈட்டி மாறலாம், உடம்பு ஒரே உடம்புதானே!

சித்தப்பா எடுத்த கிளாஸ்

இவ்வளவு தெரிஞ்சும் பையனுக்கு அந்த முன்கால் வரவே இல்லை. "ஊனுடா"ன்னா ஊனுவான், கடைசி நேரத்தில் முட்டி மடங்கிடும். ஜூன் கடைசி வரைக்கும் இதே போராட்டம்.

ஒரு ஞாயித்துக்கிழமை எங்க வயல்ல நடவு. நாத்தங்காலில் பறிச்ச நாத்தை முடிமுடியாக் கட்டி வரப்பில் அடுக்கி இருந்தாங்க. சித்தப்பா வரப்பில் நின்னு ஒவ்வொரு முடியா சேத்துக்குள்ள எறிஞ்சுக்கிட்டு இருந்தார். நடவு ஆளுங்க கை நீட்டினா எட்டற இடத்தில், வரிசையா, கோலப் புள்ளி வெச்ச மாதிரி விழுந்துச்சு ஒவ்வொண்ணும். நான் டீ எடுத்துக்கிட்டுப் போனவன் அப்படியே நின்னுட்டேன்.

இடது கால் வரப்பில் ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. இடுப்பு முதல்ல திரும்புது. கை பின்னாடி சோம்பேறித்தனமா வந்து, கடைசியில் ஒரு சொடுக்கு. அவ்வளவுதான்!

"சித்தப்பா, காலையில இருந்து எறியறீங்க, கை வலிக்கலை?"

"கையால எறிஞ்சாத்தானடா வலிக்கும்? கையால எறிஞ்சா மத்தியானத்துக்குள்ள கை உழுந்துடும். கால ஊனி இடுப்புல இருந்து வுடணும். ஈர வரப்பு வேற. கால் நழுவுச்சுன்னா முடிக்கு முன்னாடி நாமதான் சேத்துல கெடப்போம்."

ஒன்பது அட்வைஸையும் ரெண்டு வாக்கியத்தில் முடிச்சுட்டார் மனுஷன்! நான் செல்போனில் ஸ்லோமோஷன் எடுத்தேன். "என்னடா, சினிமாவா எடுக்கற?"ன்னு சிரிச்சார். நடவு நட்ட அத்தை ஒருத்தங்க, "ஹீரோ ரொம்பக் கறுப்பா இருக்காரே"ன்னு கமென்ட் அடிக்க, வயலே சிரிச்சுது.

தம்பியைக் கூப்பிட்டு வரப்பில் நிறுத்தினோம். முதல் முடியை எறிஞ்சான், முட்டி மடங்குச்சு, வழுக்கி, சொன்ன மாதிரியே சேத்துல கிடந்தான். ரெண்டாவது, மூணாவது... பத்தாவது முடியில் கால் நின்னுச்சு. நாங்க ஒரு மாசம் கத்தினது நடக்கலை, ஈர வரப்பு பத்து எறியில் கத்துக் குடுத்துடுச்சு.

ஒரு உண்மையையும் சொல்லிடணும். முடி எறியறது பக்கவாட்டு வீச்சு. ஈட்டி தோளுக்கு மேலே போகணும். அதனால கைக்கு அது பாடம் ஆகாது, காலுக்கும் இடுப்புக்கும்தான். கைக்குத் தனியா செவுரு இருந்துச்சு. ஒத்தை முட்டி போட்டு, ஈரத்துணியை இறுக்கிச் சுத்தின பந்தை, முழங்கை தோளுக்கு மேல இருக்கற மாதிரி செவுத்தில் எறியணும். பத்து நிமிஷம், மெதுவா. அப்புறம் களத்தில் வெறுங்கையோட மூணு அடி, இடது கால் ஊனல், பத்து நிமிஷம். அப்புறம் மூங்கில் கழியை ஆறேழு அடி தூரத்தில் இருந்து வைக்கோல் கட்டில் எறியணும், பாதி வேகத்தில். நிஜ ஈட்டி ஞாயித்துக்கிழமை ஸ்கூல் கிரவுண்டில் மட்டும். இருபது எறி. இருபத்தொண்ணு கிடையாது. ஒரு பழைய நோட்டில் நான் எண்ணி எழுதுவேன்.

இந்த எண்ணிக்கைப் பைத்தியம் நானாக் கண்டுபிடிச்சது இல்லை. அமெரிக்காவில் சின்னப் பசங்க பேஸ்பாலுக்கு 2014-ல் இருந்தே கணக்கு வெச்சிருக்காங்க. பதினாறு வயசுப் பையன் ஒரே நாளில் 95 பந்துக்கு மேல் எறியக் கூடாது, எறிஞ்ச எண்ணிக்கையைப் பொறுத்து அடுத்து இத்தனை நாள் ஓய்வுன்னு. அங்கே பந்து 150 கிராம்கூட வராது. நம்ம கையில் இருக்கறது 700 கிராம்!

நடராஜன் கதை

இதுக்கு நடுவுல தம்பிக்கு ஒரு சோர்வு வந்துச்சு. பழைய முறையில் 40 மீட்டர் எறிஞ்சவன், புது முறையில் 36-க்கு வந்துட்டான். "பேசாம பழசுக்கே போயிடலாமாண்ணே"ன்னான்.

அப்போ அவனுக்கு நம்ம டி.நடராஜன் கதையைச் சொன்னேன். சேலம் பக்கம் சின்னப்பம்பட்டி. டென்னிஸ் பந்தில் எறிஞ்சு எறிஞ்சு வளர்ந்தவர். 2015-ல் தமிழ்நாட்டுக்காக ரஞ்சி ஆடின முதல் மேட்சிலேயே, பந்து போடற முறை சரியில்லைன்னு புகார். கிரிக்கெட்டில் பந்து வீசும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது. நமக்கு எறியத் தெரியலைன்னு பிரச்னை, அவருக்கு எறியறார்னு பிரச்னை! கிடைச்ச இடத்தை விட்டுட்டு, பழகிப்போன கையைத் திரும்பப் பழக்கி, 2016-ல் டி.என்.பி.எல். மூலமா வந்தார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டில் முதல் இன்னிங்ஸிலேயே மூணு விக்கெட். அந்த நடுவுல இருந்த மாசங்கள்ல அவருக்கும் 36 மீட்டர் நாட்கள் இருந்திருக்கும்தானே?

தம்பி ஒண்ணும் சொல்லலை. மறுநாள் காலையில் ஆறு மணிக்கு வந்து நின்னான். அது போதும்.

இருபத்தொண்ணாவது எறி

ஜோனல் மீட்டுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. இருபதாவது எறி சூப்பரா போச்சு. அடி வெச்சு அளந்தோம், 42 இருக்கும். அவன் கண்ணில் ஒரு பளபளப்பு. எனக்கு அந்தப் பளபளப்பு நல்லாத் தெரியும். எனக்கும் இருந்ததுதானே!

"இன்னும் பத்துண்ணே. இப்பதான் வருது."

"போதும்டா."

"அஞ்சு."

"நோட்டை மூடியாச்சு."

ஈட்டியை மண்ணில் குத்திட்டு என்னைப் பாத்தான். "ஒனக்கு முடியாமப் போச்சுன்னு என்னையும் நிறுத்தறியா?"

நான் ஒண்ணும் பேசலை. ஈட்டியைப் பிடுங்கித் தோளில் வெச்சுக்கிட்டு நடந்தேன். வீடு வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் வாயைத் திறக்கலை. ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சேன். அவன் சொன்னதில் ஒரு துளி நிஜம் இருக்குமோ? அவன் எங்கே என்னைத் தாண்டிப் போயிடுவானோங்கற பொறாமையோ? ரொம்ப நேரம் தூக்கம் வரலை. கடைசியில் ஒண்ணு மட்டும் தெளிவாச்சு. பொறாமையே இருந்தாலும்கூட, இருபதுங்கறது சரியான நம்பர்தான். அன்னிக்கு என்னை யாராவது இருபதில் நிறுத்தியிருந்தா நான் திட்டியிருப்பேன். ஆனா இன்னிக்கு எறிஞ்சுக்கிட்டு இருப்பேன்.

மூணு நாள் அவன் என்னோட பேசலை. ஆனா மூணு நாளும் ஆறு மணிக்கு வந்தான். செவுரு, பந்து, களம், கழி. பேசாமலே பிராக்டீஸ் நடந்துச்சு.

போட்டி அன்னிக்கு முதல் எறி ஃபவுல். கோட்டைத் தாண்டிட்டான். ரெண்டாவது 41. மூணாவதுக்கு ஓடி வரும்போது நான் அவன் கையைப் பாக்கலை, இடது காலை மட்டும் பாத்தேன். நின்னுச்சு! ஆணி அடிச்ச மாதிரி. 43 மீட்டர் சொச்சம்.

மூணாவது இடம். ரெண்டாவது வந்த பையன் இவனைவிட அரை மீட்டர்தான் அதிகம். மாவட்டத்துக்கு ரெண்டு பேருக்குத்தான் சான்ஸ். எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு. அந்த இருபத்தொண்ணாவது எறியை விட்டிருந்தா? அந்த அரை மீட்டர் அதுக்குள்ள இருந்திருக்குமோ?

பக்கத்தில் வந்தான். "நீரஜே 90 போட்டு ரெண்டாவதுதானண்ணே வந்தாரு. நான் 43 போட்டு மூணாவது. கணக்குச் சரிதானே?"

சிரிச்சுட்டேன். அவன் முழங்கையின் உள்பக்கத்தை விரலால் அழுத்திப் பாத்தேன். "வலிக்குதா?" "இல்லண்ணே." "இங்க?" "இல்லண்ணே, கூசுது. விடு!"

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா கேட்டது ஒரே கேள்வி. "கை நல்லாருக்கா?" மெடல் பத்தி அப்புறம்தான் கேட்டார். ரெண்டாவது இடத்துக்கு அரை மீட்டர் குறைச்சல்னதும், "அடுத்த நடவுக்கு இன்னும் நாலு முடி சேத்து எறிய வுடுடா"ன்னார்.

இப்போ ஆத்துல தண்ணி ஓடுது. குறுவை அறுத்து, தாளடி நட்டு, சம்பாவும் முடிஞ்சு, ஜனவரி கடைசியில் மேட்டூரை மூடினாத்தான் எங்க மணல் திரும்ப வெளியே தெரியும். அதுவரைக்கும் எங்களுக்கு ஒரு செவுரும் நாப்பது நிமிஷமும் இருக்கு.

நேத்து காலையில் அவன் பால் கேனோட கிளம்பினதுக்கு அப்புறம், களத்தில் அந்தத் துணிப்பந்து தனியாக் கிடந்துச்சு. சுத்துமுத்தும் பாத்தேன். யாரும் இல்லை. ஒத்தை முட்டி போட்டேன். முழங்கையைத் தோளுக்கு மேல தூக்கி, மெதுவா, ரொம்ப மெதுவா செவுத்தில் எறிஞ்சேன்.

வலிக்கலை பிரெண்ட்ஸ்! அஞ்சே அஞ்சு எறிதான். நோட்டில் எழுதிட்டேன்.